ஒரு பெட்டி, ஓர் எண், ஓர் ஆண்டு: பழைய அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளை மாதிரியாகச் செய்வதற்கு முன் ஆராயும் முறை

அமெரிக்க ரயில் பாதைகளில் ஓடிய பழைய சரக்குப் பெட்டி ஒன்றைச் சிறிய அளவில் அச்சு அசலாகச் செய்து வைக்க விரும்புபவர், கத்தியையும் பசையையும் கையில் எடுப்பதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: செய்யப்போவது எந்தப் பெட்டி? 'பென்சில்வேனியா ரயில்ரோடின் பாக்ஸ்கார்' (கூரையும் சுவர்களும் உள்ள மூடிய சரக்குப் பெட்டி) என்பது விடையாகாது. 'பென்சில்வேனியாவின் எக்ஸ்29 வகை பாக்ஸ்கார்' என்பதும் பாதி விடைதான். இன்ன எண்ணுள்ள பெட்டி, இன்ன ஆண்டில் அது இருந்த நிலையில் என்று சொல்ல முடிந்தால்தான் ஆய்வு தொடங்குகிறது. இந்த வரையறை இல்லாமல் சேர்க்கும் படங்களும் குறிப்புகளும் குவியுமே தவிர, எதையும் தீர்மானிக்க உதவா.

எக்ஸ்29 வகையையே எடுத்துக்கொள்வோம். 1924-இல் தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் 30,000-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் கட்டப்பட்ட இந்த எஃகுப் பெட்டிகளில், முதலில் வந்தவற்றின் முனைச்சுவர்கள் வெறும் தட்டையான தகடுகள். பின்னால் வந்தவற்றில் 'டிரெட்நாட்' எனப்படும் வரிவரியாகப் புடைத்த முனைச்சுவர்கள் இருந்தன. கதவுகளும் ஒன்றுபோல் இல்லை. கட்டப்பட்டபோது இருந்த கே-வகை பிரேக் பின்னாளில் ஏபி-வகையாக மாற்றப்பட்டது. பக்கத் தகடுகளின் அடிப்பகுதி துருப்பிடித்து அரித்துப்போனதால், பல பெட்டிகளின் அடிவிளிம்பு நெடுகப் புதிய தகடு ஒட்டுப்போடப்பட்டது. எழுத்து அமைப்போ 1930-ஐ ஒட்டி ஒருமுறை மாறி வட்டத்துக்குள் கீஸ்டோன் (வளைவின் நடுக்கல் வடிவிலான நிறுவனச் சின்னம்) முத்திரையைப் பெற்றது. 1954-இல் நிழல் விழுந்தது போன்ற கீஸ்டோனாக மறுபடியும் மாறியது. ஆகவே 1926-இல் நின்ற எக்ஸ்29-உம் 1956-இல் நின்ற எக்ஸ்29-உம் பெயரளவில் மட்டுமே ஒன்று. தட்டை முனைச்சுவரும் கே-பிரேக்கும் கொண்ட மாதிரியில் நிழல் கீஸ்டோன் டீக்காலை (அச்சிட்ட எழுத்துகளும் சின்னங்களும் கொண்ட ஒட்டுப்படத்தை) ஒட்டினால், எந்த நாளிலும் இருந்திராத ஒரு பெட்டி நமக்குக் கிடைக்கும்.

ஆய்வில் கிடைக்கும் ஆதாரங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. என் அனுபவத்தில் தேதி தெரிந்த புகைப்படம் முதலிடத்திலும், பதிவேடு இரண்டாம் இடத்திலும், வரைபடம் மூன்றாம் இடத்திலும் நிற்கின்றன. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தைவிட யாரோ ஒருவர் தண்டவாள ஓரத்தில் நின்று எடுத்த மங்கலான படம் எப்படி உயர்ந்ததாகும் என்று கேட்பார்கள். வரைபடம் செய்ய நினைத்ததைச் சொல்கிறது, படம் செய்து முடித்ததைச் சொல்கிறது. நான் ஒருமுறை வரைபடத்தை மட்டும் நம்பி, ஒரு பெட்டியின் கூரையில் மரப்பலகை நடைபாதையை ஒவ்வொரு பலகையாக வெட்டி ஒட்டி முடித்த இரண்டாம் வாரத்தில், அதே எண்ணுக்கு மூன்று எண் தள்ளிய பெட்டியின் படம் கிடைத்தது. அதில் இருந்தது துளையிட்ட எஃகு நடைபாதை.

பதிவேட்டைப் படிப்பது

முதலில் தேட வேண்டிய நூல் 'அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்'. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் பாதையில் போகும்போது அதன் அளவும் கொள்ளளவும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தொடர்ந்து வெளியிடப்பட்ட பட்டியல் அது. வட அமெரிக்காவின் ஒவ்வொரு ரயில் நிறுவனத்தின் பெயரின் கீழும் எண் வரிசைகள், அந்த வரிசையில் அப்போது எஞ்சியிருந்த பெட்டிகளின் எண்ணிக்கை, உள் நீளம், உள் அகலம், உள் உயரம், வெளி அளவுகள், கதவின் அகலம், கன அடிக் கொள்ளளவு, பவுண்டில் சுமைத்திறன் ஆகியவை நெருக்கமான எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வகைக்குறிகளும் உண்டு: எக்ஸ்எம் என்றால் பொதுப் பயன்பாட்டுக்கான பாக்ஸ்கார், எச்எம் என்றால் அடியில் உள்ள இரட்டை வாய் வழியே சரக்கைக் கொட்டும் ஹாப்பர், ஆர்எஸ் என்றால் பனிக்கட்டித் தொட்டியுள்ள குளிர்பதனப் பெட்டி.

இந்தப் பதிவேட்டின் ஒரே ஒரு இதழை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது சரியல்ல. நாம் தேர்ந்தெடுத்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு இதழ்களையாவது ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை சிறுகச் சிறுகக் குறைந்தால் பெட்டிகள் உடைக்கப்படுகின்றன என்று பொருள். ஒரே இதழுக்குள் பாதியாகக் குறைந்து, அதே அளவுகளுடன் வேறொரு வரிசையில் புதிய எண்கள் தோன்றினால், அந்தப் பெட்டிகள் சீரமைக்கப்பட்டு மறு எண் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். வரிசையின் பக்கத்தில் உள்ள சிறு குறிகளைத் தவற விடக்கூடாது. அடிக்குறிப்பில்தான் 'இவற்றுள் இத்தனை பெட்டிகளுக்கு எட்டடிக் கதவு' என்பது போன்ற, மாதிரியைக் கவிழ்த்துவிடும் செய்திகள் ஒளிந்திருக்கும்.

பதிவேடு தரும் எண்களில் மாதிரிக்காரருக்கு மிகவும் பயன்படுவது உள் உயரம். நாற்பதடி பாக்ஸ்கார்கள் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும், எக்ஸ்29-இன் உள் உயரம் 8 அடி 7 அங்குலம். அமெரிக்க ரயில் பாதைகள் சங்கம் 1937-இல் வகுத்த தரப் பெட்டியின் உள் உயரம் 10 அடி. எச்ஓ அளவில், அதாவது ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற கணக்கில், இந்த வேறுபாடு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆகிறது. ஒரு ரயிலில் இரண்டு பெட்டிகளும் அடுத்தடுத்து நின்றால் கூரைகளின் ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரியும். பழைய படங்களில் சரக்கு ரயில்களின் மேல்விளிம்பு பல் விழுந்த சீப்பைப் போல மேலும் கீழுமாக இருப்பதற்கு இதுவே காரணம். கடையில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலும் இது கோட்டை விடப்படுகிறது: ஒரே அச்சில் வார்த்த உயரமான பெட்டிக்கு இருபது நிறுவனங்களின் எழுத்தைப் பூசி விற்பார்கள்.

புகைப்படங்களைத் தேடுவதும் படிப்பதும்

பெட்டிகளைக் கட்டிய நிறுவனங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பெட்டியைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்திப் படமெடுத்து வைத்தன. அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்ட்ரி நிறுவனத்தின் படத்தொகுப்பு செயின்ட் லூயிஸ் மெர்கன்டைல் நூலகத்தின் ஜான் டபிள்யூ. பாரிஜர் ரயில் நூலகத்தில் இருக்கிறது. புல்மன் நிறுவனத்தின் வரைபடங்கள் பெருமளவில் இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகத்தின் நூலகத்தில் உள்ளன. பென்சில்வேனியா ரயில்ரோடின் ஆவணங்களுக்கு டெலவேர் மாநிலத்தின் ஹாக்லி நூலகமும், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள பென்சில்வேனியா ரயில்ரோட் அருங்காட்சியகமும் உண்டு. மேற்கத்திய நிறுவனங்களுக்குச் சாக்ரமென்டோவின் கலிஃபோர்னியா மாநில ரயில்ரோட் அருங்காட்சியக நூலகம். இவற்றுக்கு எழுதும்போது நிறுவனப் பெயர், எண் வரிசை, கட்டிய ஆண்டு மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால் பயனுள்ள பதில் வரும். 'பழைய பாக்ஸ்கார் படங்கள் இருக்கின்றனவா' என்று கேட்டால் வராது. ஒவ்வொரு பெரிய ரயில் நிறுவனத்துக்கும் ஒரு வரலாற்றுச் சங்கம் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்குள்ளவர்கள் தங்கள் நிறுவனத்தின் பெட்டிகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல அறிந்தவர்கள்.

கட்டுநர் எடுத்த படம் அழகானது, கூர்மையானது, ஆனால் அது பெட்டியின் முதல் நாளை மட்டுமே காட்டுகிறது. இருபது ஆண்டு ஓடிய பெட்டி எப்படி இருந்தது என்பதற்கு வேறு படங்கள் வேண்டும். அக்காலப் படப்பிடிப்பாளர்களில் பெரும்பாலோர் எஞ்சின்மேல் மோகம் கொண்டவர்கள். சரக்குப் பெட்டிக்காக ஃபிலிமை வீணாக்கியவர்கள் குறைவு. எனவே எஞ்சின் படங்களின் பின்பகுதியிலும், தானியக் கிடங்கு, நிலக்கரி மேடை, ஊர்க் கடைத்தெரு ஆகியவற்றின் படங்களின் ஓரத்திலும் தேட வேண்டியிருக்கிறது. விபத்துப் படங்கள் தனிப் புதையல். கவிழ்ந்து கிடக்கும் பெட்டியைத் தவிர வேறெதுவும் தன் அடிப்பாகத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

கூரையைப் பார்க்க வேண்டுமானால், ஜாக் டெலனோ 1942-43-இல் அமெரிக்க அரசுக்காகச் சிகாகோ ரயில் யார்டுகளில் எடுத்த வண்ணப் படங்களைப் போல வேறில்லை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அவற்றைப் பெரிய கோப்புகளாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவற்றில் நூற்றுக்கணக்கான கூரைகள் வரிசையாகத் தெரியும். 'சரக்குப் பெட்டிச் சிவப்பு' என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் நிறம் உண்மையில் செங்கல், பழுப்பு, கரி படிந்த கருமை என்று எத்தனை விதமாக இருந்தது என்பதும் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகிப்பவர்கள் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். ஆகவே அத்தகைய படத்தில் கறுப்பாகத் தெரியும் பெட்டி சிவப்பாகவே இருந்திருக்கலாம். எழுத்து ஆதாரம் இல்லாமல் படத்தின் சாம்பல் நிறத்தை மட்டும் கொண்டு சாயம் கலக்கக் கூடாது.

பெட்டியே தன் தேதியைச் சொல்லும்

படத்தின் பின்புறம் தேதி எழுதப்படாமல் இருந்தாலும், பெட்டியின் பக்கச்சுவரில் எழுதப்பட்டிருக்கும் ஸ்டென்சில் எழுத்துகள் பெரும்பாலும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். கட்டிய மாதமும் ஆண்டும் 'பில்ட்' என்பதன் சுருக்கத்தோடு சுவரில் இருக்கும். இடது பக்கம், நிறுவனக் குறிக்கும் எண்ணுக்கும் கீழே, மூன்று வரிகள்: பெயரளவுச் சுமைத்திறன், ஏற்றத்தக்க உச்ச எடை, வெற்றுப் பெட்டியின் எடை. வெற்று எடைக்குப் பக்கத்தில் புதுப் பெட்டியானால் 'நியூ' என்ற சொல்லும் தேதியும், பின்னர் மறுபடி எடை போடப்பட்டதானால் எடை போட்ட இடத்தின் குறியீடும் தேதியும் இருக்கும். பெட்டிகளை விதிப்படி குறிப்பிட்ட கால இடைவெளியில் மறு எடை போட வேண்டியிருந்ததால், படத்தில் படிக்கக் கிடைக்கும் மறு எடைத் தேதிக்குப் பின்னர்தான் அந்தப் படம் எடுக்கப்பட்டது என்பது உறுதி. சில ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்டிருக்கும் என்பது ஏறத்தாழ உறுதி.

இந்த மூன்று வரிகளைக் கொண்டே டீக்காலைச் சோதிக்கவும் முடியும். 1930-களிலும் 1940-களிலும் சாதாரண 50 டன் பெட்டி ஒன்றின் வெற்று எடையும் உச்சச் சுமையும் சேர்ந்து 169,000 பவுண்டு வர வேண்டும். அதன் அச்சுகள் தாங்கும் மொத்த எடை அது. வெற்று எடை 45,200 என்று இருந்தால் உச்சச் சுமை 123,800 என்று இருக்க வேண்டும். 40 டன் பெட்டிக்குக் கூட்டுத்தொகை 136,000. கணக்கு உதைத்தால், உச்சச் சுமை வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டமைப்புக் காரணத்தால் சுமை குறைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நட்சத்திரமும் இல்லை, கணக்கும் ஒத்துவரவில்லை என்றால், டீக்கால் அச்சிட்டவர் இரண்டு வெவ்வேறு பெட்டிகளின் எண்களைக் கலந்துவிட்டார் என்று கொள்ளலாம். மறு எடை போட்ட இடத்தில் பழைய எண்ணை மறைக்கப் புதுச் சாயத்தை ஒரு திட்டாகப் பூசி, அதன்மேல் எண்ணை எழுதுவார்கள். அழுக்கேறிய சுவரில் அந்தச் சிறு கட்டம் மட்டும் புதிதாக மின்னும். மாதிரியில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். உண்மைத்தன்மைக்கு இவ்வளவு குறைந்த செலவில் வேறெதுவும் கிடைக்காது.

எழுத்துகள் மங்கிப்போன படங்களுக்கு, விதிகள் மாறிய தேதிகள் துணைக்கு வரும். பாதுகாப்புக் கருவிகள் குறித்த 1893-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்வழி 1911-இல் வந்த ஆணையும் ஏணி, கைப்பிடிக் கம்பி, பிரேக் சக்கரம் ஆகியவற்றின் இடத்தையும் அளவையும் ஒழுங்குபடுத்தின. ஏணிப்படிகளுக்கு இடையே 19 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது போன்ற துல்லியம் அதில் உண்டு. முதல் உலகப்போரின்போது ரயில்களை 1917 இறுதி முதல் 1920 மார்ச் வரை அரசே நடத்தியது. அந்த நிர்வாகம் தன் பொது வடிவமைப்புகளின்படி 1,00,000 பெட்டிகளைக் கட்டச் செய்து நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்ததால், ஒரே வடிவப் பெட்டியைப் பல நிறுவனங்களின் எழுத்தோடு காண முடிகிறது. ஏபி பிரேக் 1933-இல் புதுப் பெட்டிகளுக்குக் கட்டாயமானது. பழைய கே பிரேக் 1950-களின் தொடக்கம் வரை பரிமாற்றப் போக்குவரத்தில், அதாவது ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் பாதையில் ஓடுவதில், நீடித்தது. பெட்டியின் அடியில் சிலிண்டரும் காற்றுத்தொட்டியும் ஒரே உடலாக இணைந்து தெரிந்தால் அது கே. சிலிண்டர், தொட்டி, வால்வு என மூன்று தனித்தனி உறுப்புகள் தெரிந்தால் அது ஏபி. பட்டைக் கம்பிகளை வளைத்து போல்ட் போட்டு இணைத்த ஆர்ச்-பார் போகிகள் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) 1940-களின் தொடக்கத்துக்குள் பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டன. 1966 முதல் புதுப் பெட்டிகளில் கூரை நடைபாதை தேவையில்லாமல் போயிற்று. 1967-இலிருந்து சுமார் பத்தாண்டுகள், வண்ணக் கோடுகள் அடுக்கிய தானியங்கி அடையாளத் தகடு சுவரில் ஒட்டப்பட்டது. அது தெரியும் படம் 1967-க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் அது தெரிந்தால் 1977-க்கு முந்தையது என்று திருப்பிச் சொல்லக் கூடாது, ஏனென்றால் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் தகடுகளை யாரும் மெனக்கெட்டுப் பிய்த்தெடுக்கவில்லை.

படத்திலிருந்து அளவெடுத்தல்

பதிவேட்டில் கிடைக்காத அளவுகளைப் படத்திலிருந்தே எடுக்கலாம். பக்கவாட்டில் நேராக எடுக்கப்பட்ட படம் வேண்டும். கதவு 6 அடி அகலம் என்று பதிவேடு சொல்கிறது, திரையில் அந்தத் திறப்பு 288 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 72 அங்குலத்துக்கு 288 என்றால் ஓர் அங்குலத்துக்கு 4 பிக்சல். ஏணிப்படிகளின் இடைவெளி 62 பிக்சல் என்றால் அது பதினைந்தரை அங்குலம். எச்ஓ அளவில் நான்கரை மில்லிமீட்டர். அளக்கும் பொருளும் அளவுகோலாகக் கொண்ட பொருளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கு முக்கியம். பக்கச்சுவரைக் கொண்டு சுவரின் உறுப்புகளை அளக்கலாம். சுவரைவிட உள்ளடங்கி, கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் போகியை அதே கணக்கில் அளந்தால் அது உண்மையைவிடச் சிறிதாக வரும். போகிக்கு 33 அங்குலச் சக்கரத்தையே அளவுகோலாகக் கொள்வது நல்லது.

அளவைவிட எண்ணுவது பல நேரங்களில் பயன் தரும். கதவின் இரு பக்கமும் எத்தனை தகட்டுப் பட்டைகள், ஏணியில் ஏழு படியா எட்டா, முனைச்சுவரில் மேல் தகட்டில் எத்தனை புடைப்பு, கீழ்த் தகட்டில் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். உருப்பெருக்கி தேவையில்லாத இந்த நான்கு எண்களே ஒத்த பெட்டிகளைப் பிரித்துக் காட்டப் பெரும்பாலும் போதுமானவை. பால்டிமோர் அண்ட் ஓஹையோவின் எம்-26 வகை எக்ஸ்29-இன் உடன்பிறப்பைப் போன்றது. பெயரெழுத்தை மறைத்துவிட்டால் பலரும் தடுமாறுவார்கள்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் அசல் பெட்டியை அளக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அனுமதி பெற்று அளக்கலாம். படமெடுக்கும்போது அடிக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்து எடுப்பது பின்னால் கைகொடுக்கும். ஆனால் பிழைத்து நிற்கும் பெட்டிகளில் பல, தம் கடைசிக் காலத்தைப் பாதைப் பராமரிப்பு வேலையாட்களின் தங்குமிடமாகவோ கருவிக் கிடங்காகவோ கழித்தவை. வெட்டித் திறந்த ஜன்னலையும் மாற்றிய கதவையும் போகியையும் அசல் என்று நம்பி அளந்துவிடக் கூடாது.

கண்டதை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் பெட்டியின் உறுப்பு வாரியாக எழுதி வைக்க வேண்டும்: முனைச்சுவர், கூரை, கதவு, பிரேக், போகி, நடைபாதை, எழுத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஆதாரம், அந்த ஆதாரத்தின் ஆண்டு எது, அது இந்த எண்ணுக்கே உரியதா அல்லது அதே தொகுதியின் வேறொரு எண்ணுக்கு உரியதா என்பதைக் குறிக்க வேண்டும். கடைசிக் குறிப்புத்தான் நாளடைவில் மறந்துபோகும். மறந்துபோனால் ஊகம் உண்மையாக மாறிவிடும். பென்சிலில் எழுதியதை ஊகமாகவும் மையில் எழுதியதை உறுதியாகவும் வைத்துக்கொள்வது என் பழக்கம். கூரை மட்டும் பென்சிலிலேயே பல மாதங்கள் கிடக்கும்.

குறிப்பேடு ஓரளவு நிறைந்த பிறகே மாதிரித் தொகுப்பை வாங்க வேண்டும். வாங்கும்போது திருத்தக் கடினமானவற்றில் தொடங்கி ஒப்பிட வேண்டும்: உடலின் உயரம், பக்கத் தகடுகளின் எண்ணிக்கை, முனைச்சுவர், கூரை. கதவு, ஏணி, பிரேக் சக்கரம், போகி, நடைபாதை ஆகியவற்றைத் தனி உறுப்புகளாக வாங்கி மாற்றிவிடலாம். 5 மில்லிமீட்டர் உயரம் கூடிய உடலை வெட்டிக் குறைப்பது வேண்டாத வேலை.

இவ்வளவுக்குப் பிறகும், பெட்டி முடிந்து சாயமும் காய்ந்த பின் ஒரு புதுப் படம் வந்து, நம் எண்ணுள்ள பெட்டிக்கு வேறு கூரை இருந்தது என்று காட்டக்கூடும். அப்போது கூரையைப் பிய்க்க வேண்டிய அவசியமில்லை. நாம் செய்த கூரை அதே தொகுதியின் எந்த எண்களுக்கு உரியது என்பதைக் குறிப்பேட்டில் தேடி, சுவரிலும் முனையிலும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சுரண்டி மாற்றி எழுதிவிட்டால் போதும். அந்த இரண்டு இலக்கங்களைச் சுற்றி அழுக்கை மறுபடி பூசிக்கொள்ள வேண்டும்.